சாலை இரைச்சலுக்காக ஜன்னலை மாற்றுகிறீர்களா? பணத்தை எதில் போட வேண்டும்

கேள்வி இதுதான். வடபழனியில் ஆற்காடு சாலையைப் பார்த்தபடி இரண்டாம் மாடியில் வீடு. படுக்கையறையில் நான்கடிக்கு நான்கடி அளவில், கொசுவலையோடு சேர்த்து மூன்று டிராக் உள்ள அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் இருக்கிறது. லாரியின் உறுமலும் ஹாரன் சத்தமும் இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கின்றன. யு.பி.வி.சி. என்னும் கடினமான பிளாஸ்டிக்கில் செய்த ஸ்லைடிங் ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி போட்டுவிட்டால் சத்தமே கேட்காது என்று ஒரு விற்பனையாளர் உறுதி சொல்கிறார். நம்பிச் செலவு செய்யலாமா?

ஜன்னலை மாற்றினால் நிச்சயம் பலன் உண்டு. ஆனால் அவர் சொல்லும் அந்த ஜன்னலால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குப் பலன் இருக்காது. இரட்டைக் கண்ணாடி என்று கடைகளில் பொதுவாக விற்கப்படுவது வெப்பத்தைத் தடுப்பதற்காக உருவான பொருள். இரைச்சலைப் பொறுத்தவரை முதலில் இடுக்குகள், அடுத்து ஜன்னல் திறக்கும் முறை, அதற்கும் அடுத்துத்தான் கண்ணாடி என்ற வரிசையில் பணத்தைச் செலவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாகப் போவதால்தான், இவ்வளவு செலவு செய்தும் சத்தம் குறையவில்லையே என்ற மனக்குறை மிஞ்சுகிறது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. டெசிபல் கணக்கு நாம் பழகிய கழித்தல் கணக்கைப் போன்றது அன்று. 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும். ஆனால் காதுக்கு ஏதோ சற்றுக் குறைந்தாற்போல மட்டுமே தெரியும். 10 டெசிபல் குறைந்தால்தான் சத்தம் பாதியாகிவிட்டது என்று மனம் ஒப்புக்கொள்ளும். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல் என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்றும் வெளிப்புற ஒலிக்கு வரம்பு வகுத்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது. பெரிய சாலையின் ஓரத்தில் உள்ள வீட்டின் முகப்பில் 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் திறந்திருந்தால் சுவரும் அறையும் சேர்ந்து 10 முதல் 15 டெசிபல் வரைதான் குறைக்கும். உங்களிடம் இருப்பது போன்ற ஸ்லைடிங் ஜன்னலை மூடினால் 20 டெசிபலை ஒட்டிக் குறையும். நன்றாகச் செய்யப்பட்ட புதிய ஜன்னலால் 35 வரையும், ஒன்றன் உட்புறம் இன்னொன்றாகப் பொருத்திய இரட்டை ஜன்னலால் 40 வரையும் போக முடியும். அதாவது 55 டெசிபலாக இருக்கும் படுக்கையறை 40க்கும் 35க்கும் இறங்கலாம். இதைச் சிறிய மாற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் காதுக்குச் சத்தம் மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ குறைந்தது போல இருக்கும். ஆயினும் "சத்தமே கேட்காது" என்பது எந்த ஜன்னலாலும் நடக்காத காரியம். ஃபேனும் ஏசியும் எழுப்பும் ஒலியே ஏறக்குறைய 35 முதல் 45 டெசிபல் வரை இருப்பதால், அதற்கும் கீழே போக வேண்டும் என்று பணத்தைக் கொட்டுவதில் பொருளும் இல்லை.

இனி இடுக்குகளுக்கு வருவோம். இதை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் விற்பனைக் கையேடுகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. குடத்தில் ஓட்டை இருந்தால் குடம் எவ்வளவு தடிமன் என்பது முக்கியமில்லை; ஒலியும் அப்படித்தான் கசியும். ஜன்னலின் பரப்பில் 100இல் 1 பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கில் எத்தனை உயர்ந்த கண்ணாடியைப் போட்டாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. 1000இல் 1 பங்கு திறந்திருந்தால் 30ஐத் தாண்டாது. உங்கள் ஜன்னலில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது எவ்வளவு? 2 மில்லிமீட்டர் அகலத்தில் 72 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கீற்று, அவ்வளவுதான். ஸ்லைடிங் கதவு டிராக்கின் மேல் ஓடும் இடத்தில், இரண்டு கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நடுப்பகுதியில், மழைநீர் வடிவதற்காகக் கீழ்ச்சட்டத்தில் போட்டிருக்கும் துளைகளில் என்று எல்லாவற்றையும் கூட்டினால், இதைவிடப் பல மடங்கு இடுக்கு அந்த ஜன்னலில் இருக்கும். 38 டெசிபல் தடுக்கும் விலையுயர்ந்த கண்ணாடியை வாங்கி இப்படிப்பட்ட சட்டத்தில் பொருத்தினால் 29 டெசிபல்கூடக் கிடைக்காமல் போகலாம்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியும். ஜன்னலை மூடிவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஊதுபத்தியைச் சட்டத்தின் விளிம்பை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். காற்றடிக்கும் நாளில் புகை எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் இடுக்கு. இரவில் ஒருவர் பால்கனியில் நின்று டார்ச் விளக்கைச் சட்டத்தின் ஓரமாக அடிக்க, மற்றவர் இருட்டறைக்குள் இருந்து பார்த்தாலும் தெரியும். கீல் வைத்த ஜன்னலாக இருந்தால் ஒரு தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை என்று அறியலாம். பழைய மரஜன்னல் உள்ள வீடுகளில் இந்தச் சோதனையை ஏப்ரல், மே மாதங்களில் செய்வது நல்லது. ஐப்பசி மழையில் ஊதி இறுக்கமாக நிற்கும் மரம் கோடையில் சுருங்கி இடுக்கு விடும்.

பலரும் பார்க்காத இன்னொரு இடுக்கு சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ளது. அண்ணாநகரில் ஒரு வீட்டில், புதிய ஜன்னல் போட்டும் பலன் இல்லை என்று அழைத்திருந்தார்கள். கதவுகள் நன்றாகவே அழுந்தின. கண்ணாடியும் நல்ல தடிமன். உட்புறம் விளிம்பை மூடியிருந்த பட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, சட்டத்துக்கும் செங்கலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு சந்து சுற்றிலும் ஓடியது. மேற்புறத்தில் மட்டும் கொஞ்சம் ஃபோம் அடித்திருந்தார்கள். கீழே வெறும் தூசி. அந்தச் சந்தில் கலவையை இட்டு நிரப்பி, உள்ளும் புறமும் சிலிக்கான் பூசியதும் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. ஃபோம் மிகவும் இலேசான பொருள். காற்றை அடைக்கும், ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. சந்து பெரிதாக இருந்தால் சிமென்ட் கலவைதான் அதற்கு மருந்து. ஃபோம் சிறு சந்துகளுக்கு மட்டும் போதும், அதன் மேலும் இருபுறம் சிலிக்கான் அவசியம்.

திறக்கும் முறையைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. இரைச்சலுக்காக ஜன்னலை மாற்றுகிறீர்கள் என்றால் ஸ்லைடிங்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டிராக்கில் ஓடும் கதவு ஓட வேண்டுமானால் அதைச் சுற்றித் தளர்வு இருந்தே ஆக வேண்டும்; அந்தத் தளர்வை மறைக்க வைக்கும் பிரஷ் போன்ற இழைப்பட்டை தூசியைத் தடுக்குமே தவிர ஒலியைத் தடுக்காது. அலுமினியமா யு.பி.வி.சி.யா என்பது இதற்குப் பிறகு வரும் கேள்வி. கீல் வைத்துக் கதவு போலத் திறக்கும் ஜன்னலில், சுற்றிலும் ஈ.பி.டி.எம். ரப்பர் இரண்டு வரிசையாக இருந்து, கைப்பிடியைத் திருப்பும்போது மேல், நடு, கீழ் என்று மூன்று நான்கு இடங்களில் பூட்டு விழுந்தால், கதவு ரப்பரின்மேல் நன்றாக அழுந்தும். இதைவிடவும் மேலானது திறக்கவே திறக்காத நிலைக்கண்ணாடி. ஆகவே ஜன்னலின் பெரும்பகுதியை நிலைக்கண்ணாடியாக வைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு சிறிய கதவை மட்டும் திறக்கும்படி அமைப்பது நல்ல ஏற்பாடு. இதில் கிரில்லையும் யோசித்துக்கொள்ள வேண்டும். கதவு வெளியே திறந்தால் கிரில் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே திறந்தால் வெளியே. இரண்டாம் மாடியில் நிலைக்கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைப்பது யார், எப்படி என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். கை எட்டும் தூரத்தில் திறக்கும் கதவு இருந்தால் சிக்கல் இல்லை.

இப்போது கண்ணாடி. கண்ணாடி 1 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ எடையுள்ளது. எடை இருமடங்கானால் ஒலித்தடுப்பு ஏறக்குறைய 5, 6 டெசிபல் கூடும் என்பது பொது விதி. ஆனால் ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு பலவீனமான சுருதி, அதாவது அதிர்வெண், உண்டு. 12,000ஐ மில்லிமீட்டர் தடிமனால் வகுத்தால் வரும் எண்ணை ஒட்டிய ஹெர்ட்சில் கண்ணாடி தானும் சேர்ந்து அதிர்ந்து ஒலியை எளிதாக உள்ளே விட்டுவிடும். 4 மி.மீ. கண்ணாடிக்கு அது 3000 ஹெர்ட்ஸ். வாகன ஹாரனின் பலம் பெரும்பாலும் 2000க்கும் 4000க்கும் இடையே குவிந்திருக்கிறது. சாதாரண 4 மி.மீ. கண்ணாடி போட்ட அறைகளில் ஹாரன் மட்டும் ஊசி குத்துவது போல வந்து விழுவதற்கு இடுக்குகளோடு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு 4 மி.மீ. கண்ணாடிகளை 12 மி.மீ. இடைவெளியில் ஒட்டிய யூனிட் இந்தக் குறையை நீக்குவதில்லை. இரண்டும் ஒரே தடிமன் என்பதால் இரண்டுமே அதே 3000 ஹெர்ட்சில் தோற்கின்றன. அதோடு புதிதாக ஒரு குறையும் சேர்கிறது. நடுவில் அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல நடந்துகொண்டு, இரு கண்ணாடிகளையும் 250 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே ஒன்றோடொன்று ஊசலாட வைக்கிறது. பேருந்து, லாரி எஞ்சின்களின் உறுமல் அந்தக் கீழ்ச்சுருதிப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பியத் தர நிர்ணய அட்டவணையில் 4 மி.மீ. ஒற்றைக் கண்ணாடிக்கும், இரண்டு 4 மி.மீ. கண்ணாடிகள் கொண்ட சாதாரண இரட்டை யூனிட்டுக்கும் ஒலித்தடுப்பு எண் 29 என்று ஒரே மாதிரி கொடுத்திருப்பதைப் பார்க்கும்போது, விற்பனையாளர் சொல்லும் ஜன்னலின்மேல் ஏன் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது புரியும். இடைவெளியில் ஆர்கான் வாயுவை நிரப்புவதும், கண்ணாடியைச் சூடாக்கி வலுவூட்டி டஃபண்டு ஆக்குவதும் வேறு காரணங்களுக்கு நல்லவை. இரைச்சலுக்கு அவற்றால் பலன் இல்லை.

பலன் தருவது லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி அதிரத் தொடங்கும்போது அந்தப் படலம் அதிர்வை உறிஞ்சிக்கொள்வதால் மேலே சொன்ன பலவீனம் பெருமளவு மட்டுப்படும். ஒலித்தடுப்புக்கென்றே மென்மையாகச் செய்த படலமும் கிடைக்கிறது. அதே தடிமனுள்ள சாதாரண லேமினேட்டட் கண்ணாடியைவிட அது 2, 3 டெசிபல் கூடுதலாகத் தரும். உடைந்தாலும் சில்லுகள் படலத்தோடு ஒட்டியே நிற்கும் என்பது குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கூடுதல் நன்மை. இரட்டைக் கண்ணாடிதான் வேண்டுமென்றால், ஒரு பக்கம் 10 மி.மீ. லேமினேட்டட், மறுபக்கம் 6 மி.மீ. என்று தடிமன்கள் வேறுபடும்படி கேளுங்கள். ஒன்று தோற்கும் சுருதியில் மற்றொன்று தாங்கும். எடையை மட்டும் மறந்துவிட வேண்டாம். நான்கடிக்கு நான்கடி அளவில் 10 மி.மீ. கண்ணாடி ஒன்றே 36 கிலோ வரும், 6 மி.மீ. கண்ணாடியும் சேர்ந்தால் 58 கிலோ ஆகிவிடும். மெல்லிய சட்டத்திலும் சாதாரணக் கீலிலும் அதைத் தொங்கவிட்டால் சில மாதங்களில் கதவு தொய்ந்து ரப்பர் அழுந்தாமல் போகும். உள்ளே இரும்பு வலுவூட்டல் உள்ள யு.பி.வி.சி. சட்டத்தையோ கனமான அலுமினியச் சட்டத்தையோதான் நாட வேண்டும்.

ஆனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் பரிந்துரைப்பது வேறொன்று. இருக்கும் ஜன்னலைப் பிடுங்க வேண்டாம். அதன் உட்புறத்தில் இரண்டாவது ஜன்னல் ஒன்றைப் பொருத்துங்கள். நம் ஊர்ச் செங்கல் சுவர் ஒன்பது அங்குலம், அதாவது 230 மி.மீ.; பூச்சோடு சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். பழைய ஜன்னல் வெளிப்புறத்தை ஒட்டி அமைந்திருந்தால் உள்ளே 100 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி கிடைக்கும். இரட்டைக் கண்ணாடி யூனிட்டில் 12 மி.மீ. இடைவெளியால் 250 ஹெர்ட்ஸை ஒட்டி நின்ற ஊசலாட்டம், 100 மி.மீ. இடைவெளியில் 85 ஹெர்ட்ஸுக்குக் கீழிறங்கிவிடுவதால், அதற்கு மேலே இருக்கும் எஞ்சின் உறுமலின் பெரும்பகுதியும் ஹாரனும் அந்தப் பலவீனத்தில் சிக்காமல் தடுக்கப்படுகின்றன. இன்னொரு கண்ணாடியின் எடையும் இரண்டாவது வரிசை அடைப்பும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே ஜன்னலில் விலையுயர்ந்த யூனிட்டைப் போட்டாலும் எளிதில் கிடைக்காத 40 டெசிபல், சாதாரணமான இரண்டு ஜன்னல்களில் கிடைப்பது இதனால்தான். உள் ஜன்னலைக் கீல் வைத்து, 6 மி.மீ.க்குக் குறையாத லேமினேட்டட் கண்ணாடியோடு, பழைய ஜன்னலின் கண்ணாடியிலிருந்து தடிமன் வேறுபடும்படி செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே சுற்றுச்சுவரில் ஒலி உறிஞ்சும் மெல்லிய பலகையை ஒட்டினால் இன்னும் சில டெசிபல் குறையும். கிரில் நடுவில் அமைந்து இடத்தை அடைத்தால் மட்டும் அதை மாற்ற வேண்டியிருக்கும். வாடகை வீடாக இருந்தால் இதே கருத்தில் அக்ரிலிக் தகட்டைக் காந்தப் பட்டையால் உட்புறம் ஒட்டலாம். அக்ரிலிக்கின் எடை கண்ணாடியில் பாதிதான் என்பதால் பலன் குறையும், ஆனால் காலி செய்யும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கள். ஜன்னல் அளவுக்கு 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை வெட்டி, உட்புறம் வைத்து, சுற்றிலும் டேப்பால் இறுக ஒட்டி, ஓரிரு இரவு தூங்கிப் பாருங்கள். சத்தம் வெகுவாகக் குறைந்தால் குற்றவாளி ஜன்னல்தான். குறையவில்லை என்றால் ஒலி வேறு வழியாக வருகிறது. மேலே இருக்கும் வெண்டிலேட்டர், ஜன்னல் ஏசி பொருத்திய இடம், ஸ்பிளிட் ஏசி குழாய் போகும் துளை, குளியலறையின் கண்ணாடிப் பட்டைகள், பால்கனிக் கதவின் அடிச்சந்து ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஜன்னல் ஏசி இருக்கும் அறையில் புதிய ஜன்னலுக்குச் செலவிடுவது வீண். ஏசியை ஸ்பிளிட்டாக மாற்றி அந்தத் துவாரத்தைச் செங்கல் வைத்து அடைப்பதே முதல் வேலை. தடித்த திரைச்சீலை அறையின் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும். சாலைச் சத்தத்தை நிறுத்தாது. தரை வழியாக அதிர்வாக வரும் ஓசைக்கு எந்த ஜன்னலாலும் தீர்வு இல்லை.

காற்றோட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இறுக அடைத்த அறையில் இருவர் தூங்கினால் விடியும்போது காற்று புழுங்கிப் போயிருக்கும். பொதுவாக வீடுகளில் வைக்கும் ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ஆகவே சாலைப் பக்க ஜன்னலை அடைத்துவிட்டு, வீட்டின் பின்புறம் சாலையைப் பார்க்காத ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து, நடுக்கதவைச் சற்றுத் திறந்து வைப்பது எளிய வழி. அப்படி ஒரு பக்கம் இல்லாத வீடுகளில், உட்புறம் ஒலி உறிஞ்சும் பொருள் பதித்து வளைவாகச் செல்லும் காற்றுக்குழாயைச் சிறிய ஃபேனோடு பொருத்தலாம். கோடையில் மின்சாரம் போகும் இரவுகளுக்காக, உள்ளிருந்து கை முயற்சியில் திறக்கக்கூடிய ஒரு கதவாவது சாலைப் பக்கம் இருக்கட்டும். தீ போன்ற ஆபத்திலும் அது தேவைப்படும்.

விலைப்புள்ளி வாங்கும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒலித்தடுப்பு எண் என்ன, அது கண்ணாடிக்கு மட்டும் அளந்ததா, சட்டத்தோடு சேர்த்து முழு ஜன்னலுக்கு அளந்ததா என்று கேளுங்கள். கண்ணாடிக்கு மட்டும் அளந்த எண்ணைக் காட்டி முழு ஜன்னலையும் விற்பது சந்தையில் வழக்கமாகிவிட்டது. ஐ.எஸ்.ஓ. 717 என்னும் சர்வதேசத் தர முறையில் அளந்திருந்தால் ஆர்.டபிள்யூ. (Rw) என்ற ஒலித்தடுப்பு எண்ணோடு சி.டி.ஆர். (Ctr) என்ற கழித்தல் எண்ணும் இருக்கும். நகர்ப்புற வாகன இரைச்சலைக் கருதிக் கழிக்க வேண்டிய அளவு அது. 35 என்று எழுதி, அருகில் கழித்தல் 5 என்று இருந்தால் உங்கள் சாலைக்கு அந்த ஜன்னல் 30 தான். கண்ணாடியின் தடிமன்கள், படலத்தின் வகை, ரப்பர் வரிசைகளின் எண்ணிக்கை, பூட்டு விழும் இடங்கள், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே எதைக் கொண்டு அடைப்பார்கள் என்பவை எழுத்தில் இருக்கட்டும். பொருத்தும் நாளில் விளிம்புப் பட்டையை ஒட்டுவதற்கு முன்பு சந்து முழுவதும் அடைபட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கைபேசியில் உள்ள ஒலிமானியின் எண்கள் துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரே கைபேசியை ஒரே இடத்தில், நாளின் அதே நேரத்தில் வைத்து முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசம் ஓரளவு நம்பத்தகுந்ததாக இருக்கும். கடைசித் தவணைப் பணத்தை, தாள் சோதனையும் இந்த அளவீடும் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். இந்த நிபந்தனையை ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.